சுங்கம் தவிர்த்த சோழன்

மெர்கோங்கில் கடை திறக்கும் நம்மவர் எவரும் வானம் வெளுத்திருக்கும் காலை வேளையில் தெற்கே திரும்பிப் பார்த்தால், நெல் வயல்களுக்கு அப்பால் குனோங் ஜெராய் நீலமாய் நிற்பதைக் காணலாம். 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலை இன்று உல்லாசப் பயணிகள் ஏறிப் பார்க்கும் இடம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்போ, வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிக்குக் கரை கிட்டிவிட்டது என்று சொன்ன முதல் அடையாளம் அதுதான். நாகப்பட்டினத்தில் பாய் விரித்த மரக்கலம் அந்த மலையைக் கண்டதும் மெர்போக் ஆற்று முகத்துவாரத்தை நோக்கித் திரும்பும். அந்தத் துறைக்கும் அதைச் சூழ்ந்த நாட்டுக்கும் தமிழர் வழங்கிய பெயர் கடாரம்.

கடாரம் என்றதும் எல்லோர் நினைவிலும் வருபவன் இராஜேந்திர சோழன். 1025-ஆம் ஆண்டில் கப்பற்படை அனுப்பி, ஸ்ரீவிஜயத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்து, கடாரம் கொண்டான் என்று பட்டம் பூண்டவன். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அவனைத் தெரியும். அவனுடைய மகள் வயிற்றுப் பேரன் ஒருவன் ஐம்பது ஆண்டுக்கு மேல் சோழ நாட்டை ஆண்டான். பாட்டன் கடாரத்திலிருந்து யானைகளையும் பொற்குவியலையும் வாரி வந்தான். பேரன் காலத்திலோ கடாரத்திலிருந்து தூதர்கள் விண்ணப்பத்தோடு வந்தார்கள். பாட்டனுக்குப் படைவீரர் தந்த பட்டம் நிலைத்தது. பேரனுக்கு நிலைத்தது வியாபாரிகளின் மனம் குளிரும் பட்டம். முதலாம் குலோத்துங்கன் என்று சரித்திரத்தில் பெயர் பெற்ற அவனை, கடையும் கப்பலுமாக வாழ்ந்து வரும் நம்மவர்கள் சற்று அருகில் சென்று பார்ப்பது தகும்.

அவன் பிறப்பால் முழுச் சோழன் அல்லன். தந்தை வழியில் கீழைச் சாளுக்கியன். கோதாவரிக் கரையில் வேங்கி நாட்டை ஆண்ட இராஜராஜ நரேந்திரனின் மகன். தாய் அம்மங்கை தேவி, கடாரம் கொண்ட இராஜேந்திரனின் மகள். தந்தையைப் பெற்ற பாட்டி குந்தவையும் சோழ வம்சத்தவள்தான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராஜராஜனின் மகள். அவன் மணந்த மதுராந்தகியும் இரண்டாம் இராஜேந்திர சோழனின் மகள். ஆக, மூன்று தலைமுறைப் பெண்கள் வழியாகச் சோழ உறவு அவனுக்கு இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் அரசுரிமை ஆண் வழியில்தான் போகும். சோழச் சிம்மாசனம் தனக்கு வரும் என்று இளமையில் அவன் எண்ணியிருக்க முடியாது. தன் தந்தையின் வேங்கிச் சிம்மாசனம் கிடைத்தாலே போதும் என்றுதான் எண்ணியிருப்பான்.

அதுவும் கிடைக்கவில்லை. 1061-ஆம் ஆண்டில் தந்தை இறந்தபோது, சிறிய தந்தையான ஏழாம் விஜயாதித்தன் வேங்கியை எடுத்துக்கொண்டான். சொந்தச் சிற்றப்பனிடம் சொத்தை இழந்த பிள்ளையின் கதை நமக்கும் புதியதல்லவே! இளைஞன் வடக்கே காட்டு நாட்டுக்குப் போனான். இன்றைய பஸ்தர்ப் பகுதியான சக்கரகோட்டத்தில் போரிட்டான். வயிராகரத்தில் யானைகளைப் பிடித்தான். அவனுடைய தொடக்க காலக் கல்வெட்டுகள் இந்தச் செய்திகளையே பெருமையாகப் பேசுகின்றன.

அக்காலத்தில் அவன் கடாரத்தில் இருந்தான் என்று கருதிய அறிஞர்களும் உண்டு. சீனத்தின் குவாங்சௌ நகரில் 1079-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று இருக்கிறது. கலகத்தில் பாழ்பட்ட தாவோ மதக் கோயிலைப் புதுப்பிக்கப் பொருள் கொடுத்த ஸ்ரீவிஜயத் தலைவர் ஒருவரின் பெயரை அது தி ஹுவா கா லோ என்று குறிக்கிறது. 1077-இல் சீனத்துக்குத் தூது அனுப்பிய சோழ அரசனுக்கும் சீனர்கள் எழுதிவைத்த பெயர் அதுவே. இருவரும் ஒருவரே, அவர் குலோத்துங்கனே என்பது ஒரு சாராரின் கட்சி. பெயர் ஒத்திருப்பதை வைத்து இவ்வளவு தூரம் போகலாகாது என்பது மறுசாராரின் கட்சி. கெடாவில் வசிக்கும் நமக்கு முதற் கட்சி இனிப்பாகத்தான் இருக்கும். ஆயினும் அவனுடைய சொந்தக் கல்வெட்டுகள் அவன் இளமையைக் காட்டில் யானைகளுக்கிடையேதான் காட்டுகின்றன. அதையே நான் நம்புகிறேன்.

சோழ நாட்டில் அப்போது ஒருவர் பின் ஒருவராக மாமன்மார் மூவர் ஆண்டார்கள். மூத்தவன் இராஜாதிராஜன் 1054-இல் கொப்பத்துப் போர்க்களத்தில் யானை மேலேயே உயிர் விட்டான். அடுத்தவன் இரண்டாம் இராஜேந்திரன் 1063 வரை இருந்தான். கடைசி மாமன் வீரராஜேந்திரன், தன்னை வந்து அடைந்த ஓர் அரசனுக்காகக் கடாரத்தை வென்று அவனிடமே கொடுத்ததாக 1068-ஐ ஒட்டிய கல்வெட்டுகள் கூறுகின்றன. வென்ற நாட்டைக் கட்டியாள ஆளும் இல்லை, ஆசையும் இல்லை என்பது அந்தச் செயலிலேயே தெரிகிறது. 1070-இல் வீரராஜேந்திரன் கண்ணை மூடினான். குழப்பம் தொடங்கிற்று.

அவன் மகன் அதிராஜேந்திரனுக்குத் துணையாக மேலைச் சாளுக்கிய இளவரசன் ஆறாம் விக்கிரமாதித்தன் படையோடு வந்தான். சோழன் மகளை மணந்தவன் அவன். ஆகவே புதிய அரசனுக்கு மைத்துனன். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு மாதம் தங்கி, கலகக்காரரை அடக்கி, மைத்துனனைச் சிம்மாசனத்தில் அமர்த்திவிட்டு ஊர் திரும்பினான். அவன் திரும்பிய சில நாட்களில் மீண்டும் கலகம் மூண்டது; அதிராஜேந்திரன் கொல்லப்பட்டான்; வேங்கியிலிருந்து வந்தவன் சிம்மாசனம் ஏறிவிட்டான். அந்த வேங்கிக்காரன்தான் நம் குலோத்துங்கன்.

இந்தக் கொலையில் அவனுக்குப் பங்கு உண்டா? அவனுடைய கல்வெட்டுகளின்படி, தலைவனில்லாமல் தவித்த சோழ நாட்டு இலட்சுமியை அவன் காப்பாற்றினான். விக்கிரமாதித்தனின் ஆஸ்தானக் கவி பில்ஹணர் எழுதிய காவியமோ அவனைப் பிறர் சிம்மாசனத்தைப் பறித்தவனாகக் காட்டுகிறது. ஒன்று வென்றவனின் பேச்சு, மற்றொன்று தோற்றவனின் பேச்சு. இரண்டையும் எடை போட்டால், கலகத்தை அவன் மூட்டாவிட்டாலும் அது எப்போது மூளும் என்று காத்திருந்தான் என்றே தோன்றுகிறது. இத்தனை விரைவாக ஒருவன் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது தற்செயல் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. எப்படியாயினும், 1070-இல் சோழமும் வேங்கியும் ஒருவன் கைக்குள் வந்தன. பங்காளிச் சண்டையில் வேங்கியை இழந்தவனுக்கு இப்போது தஞ்சையும் சேர்ந்து கிடைத்தது.

அவன் காலத்து உலகத்தையும் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டு வர வேண்டும். அவன் பட்டமேறிய மறுவருஷம், 1071-இல், செல்ஜுக் சுல்தான் அல்ப் அர்ஸலான் மன்ஸிகர்த் களத்தில் ரோமச் சக்கரவர்த்தியைச் சிறைப்பிடித்தார். அவர் மகன் மலிக்ஷா 1072 முதல் 1092 வரை ஆண்டார். இமாம் கஸ்ஸாலி 1095-இல் பாக்தாதின் பெரிய பதவியைத் துறந்து வெளியேறினார். 1099-இல் ஜெருசலம் சிலுவைப் போர்க்காரர் கையில் வீழ்ந்தது. இவையெல்லாம் சோழ நாட்டில் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்தபோது நடந்தவை. மலிக்ஷாவும் தம் இராஜ்யத்தில் வழிச் சுங்கங்களை நீக்கினார் என்று முஸ்லிம் சரித்திராசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இரு பேரரசுகளில் ஒரே காலத்தில் ஒரே காரியம்!

பட்டம் ஏறியவுடன் அவன் முன்னால் வந்த முதற் கணக்கு நஷ்டக் கணக்குத்தான். இலங்கையில் விஜயபாகு சோழர் கையிலிருந்து பொலன்னறுவையை மீட்டுக்கொண்டான். எழுபது எண்பது ஆண்டுகளாக இரத்தம் சிந்திக் காத்த தீவு போயிற்று. வேறொரு அரசனாயிருந்தால் மானம் போயிற்று என்று கஜானாவைக் காலி செய்து திரும்பத் திரும்பப் படை அனுப்பியிருப்பான். குலோத்துங்கன் அதைச் செய்யவில்லை, இலங்கையை விட்டுவிட்டான். பின்னால் தன் மகள் சுத்தமல்லியாரைச் சிங்கள இளவரசன் வீரப்பெருமாளுக்கு மணம் செய்து கொடுத்தான். போகிற சரக்கு எது, நிற்கிற சரக்கு எது என்று அறிந்தவனின் செய்கை அது. அவனைப் பலவீனன் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஏனென்றால், தேவை என்று கண்ட பாண்டிய நாட்டிலும் சேரக் கரையிலும் அவன் தயங்காமல் போரிட்டான். தென்னாட்டுப் பாதைகளில் கோட்டாறு முதலிய ஊர்களில் நிலைப்படைகளை நிறுத்தினான். முத்துச் சலாபமும் கரை வழியும் அங்கேதானே இருந்தன!

வேங்கியை அவன் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்துக்கொண்டார்கள். இதில் ஒரு சுவையான செய்தி செப்பேட்டில் இருக்கிறது. முதலில் அனுப்பப்பட்ட மகன் இராஜராஜ மும்முடிச் சோழன் ஒரே வருஷத்தில் பதவியை விட்டுத் திரும்பி வந்துவிட்டான். பெற்றோரின் பாத சேவையைவிட அந்த அரசு பெரிதாக அவனுக்குப் படவில்லையாம். தூர ஊர்க் கிளைக் கடைக்கு அனுப்பிய பிள்ளை வீட்டு நினைவில் திரும்பிவிட்டால் நம் முதலாளிமார் செய்வதையே அரசனும் செய்தான். அடுத்த பிள்ளையை அனுப்பினான்.

1086-ஆம் ஆண்டில் அவன் நாட்டு நிலம் முழுவதையும் அளக்கச் செய்தான். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் வில்லியம் அரசன் ஊர் ஊராக நிலக்கணக்கு எடுத்தான். இருவரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்கவே முடியாது. ஆனால் புதிதாகச் சிம்மாசனம் பிடித்த இருவருக்கும், கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் தேவை ஒன்றாகவே இருந்தது. நிலத்தின் வருமானம் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்தவனுக்குத்தான் வேறொரு வருமானத்தைக் கைவிடுகிற துணிவு வரும். அவன் பெயரோடு ஒட்டிக்கொண்ட சுங்க விஷயத்தை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும்.

அக்காலச் சுங்கம் எத்தகையது என்பதை நம்மவர் எளிதில் புரிந்துகொள்வார்கள். துறையில் இறங்கும்போது ஒன்று, ஆற்றைக் கடக்கும்போது ஒன்று, ஊர் எல்லையில் ஒன்று, சந்தையில் ஒன்று. ஒரு பொதி மிளகு துறையிலிருந்து தலைநகருக்குப் போவதற்குள் பல கைகள் அதற்குள் நுழைந்துவிடும். குலோத்துங்கன் சுங்கத்தைத் தவிர்த்தான். சுங்கம் தவிர்த்த சோழன் என்றே கல்வெட்டுகள் அவனை அழைக்கின்றன. அந்தப் பட்டத்தையே பெயராகத் தாங்கிய ஊர்களும் சோழ நாட்டில் இருந்தன. அவன் மகன் காலத்தில் ஒட்டக்கூத்தர் பாடிய உலாவிலும் இச்செயல் நினைவுகூரப்படுகிறது. போரில் வென்ற பட்டங்களைக் கவிகள் காசுக்கும் பாடுவார்கள். வரியை எடுத்ததற்காக ஒரு பெயர் ஊர்ப்பெயராக நிற்கிறதென்றால், ஜனங்கள் அதை உள்ளபடியே அனுபவித்திருக்க வேண்டும்.

ஆனாலும் நம் மகிழ்ச்சிக்கு ஓர் அளவு வேண்டும். அவன் வரியே இல்லாத ராஜ்யத்தை நடத்தவில்லை. நிலவரி நின்றது, நில அளவைக்குப் பிறகு அது தப்ப முடியாததாகவும் ஆயிற்று. வியாபாரியின் தோளிலிருந்து இறக்கிய சுமையில் ஒரு பகுதி குடியானவன் தோளில் ஏறியிருக்கும் என்று கொள்வதே நியாயம். மலேசியாவில் 2018 ஜூன் 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வரி சூன்யமாக்கப்பட்டதும், அதே வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி விற்பனை வரியும் சேவை வரியும் வந்து அமர்ந்ததும் கடைக்காரர்களுக்கு மறந்திருக்காது. அரசாங்கம் ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசலைத் திறந்துதான் ஆகவேண்டும். குலோத்துங்கன் திறந்த வாசல் நெல்வயல் பக்கம் இருந்தது.

இதற்கிடையே கடலில் என்ன நடந்தது? 1077-ஆம் ஆண்டுத் தூதை மேலே குறிப்பிட்டேன். அந்தத் தூதர்கள் சீனச் சக்கரவர்த்திக்குக் கொண்டுபோன சாமான்களில் கண்ணாடிப் பாத்திரம், கற்பூரம், யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, பன்னீர், பெருங்காயம், கிராம்பு ஆகியவை அடக்கம். நம்மவர் இந்தப் பட்டியலைக் கண்டதும் சிரித்துவிடுவார்கள். இவற்றில் பாதிக்கு மேல் சோழ நாட்டில் விளைபவை அல்ல! பன்னீரும் பெருங்காயமும் பாரசீகப் பக்கத்துச் சரக்கு. கற்பூரம் சுமத்ராவின் பாரூஸ் துறைச் சரக்கு. கிராம்பு அதற்கும் கிழக்கே மலுக்கு தீவுகளின் சரக்கு. மேற்கே வாங்கிக் கிழக்கே விற்கிற இடைத்தட்டு வியாபாரந்தான் அரசாங்கத் தூது என்ற உடையில் போயிற்று. பதிலுக்குச் சீன அரசு 81,800 கோவைச் செப்புக் காசு கொடுத்தனுப்பியது. அரசர்களுக்குள் பரிசுப் பரிமாற்றம் என்று ஏட்டில் எழுதினார்கள். கப்பலேற்றி அனுப்பியவர்கள் அதைக் கொள்முதல் என்றும் வரவு என்றும் எழுதியிருப்பார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. 1106-இல் பர்மாவின் பகான் நாட்டுத் தூதர்கள் சீனம் சென்றபோது, அவர்களைச் சோழத் தூதர்களைப் போல் நடத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. சோழ நாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடல்லவா, ஆகையால் பகானுக்கு அதைவிட மேலான மரியாதை வேண்டும் என்று சீன அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கடாரத்தை வென்ற சோழர், கடாரத்தையும் தன்னுள் அடக்கிய ஸ்ரீவிஜயத்தின் அடிமைகளாம்! சீனத்துக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருந்த ஸ்ரீவிஜயத்துக்காரர்கள்தான் அந்தச் செய்தியைப் பரப்பியிருக்க வேண்டும். போரில் தோற்றவன் சந்தையில் வாங்குகிறவன் காதுக்கு அருகில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸுக்கு அருகே லோபு துவா என்னும் இடத்தில் 1873-ஆம் ஆண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அதன் காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088; குலோத்துங்கனின் பதினெட்டாம் ஆட்சியாண்டு. அதைப் பொறித்தது அரசன் அல்லன். திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் கூட்டம். துறைக்கு வரும் மரக்கலத்தின் நாயகரும் கப்பல் ஆட்களும், கஸ்தூரி விற்கும் விலைக்கு ஒத்த பொன்னைக் கட்டிய பிறகே விரித்த பாவாடை மேல் கால் வைக்கலாம் என்பது அதில் கண்ட ஏற்பாடு. சோழ நாட்டில் சுங்கம் தவிர்த்தவன் என்ற பெயரை அரசன் பெற்ற அந்த ஆட்சியிலேயே, கடலுக்கப்பால் வியாபாரிகள் தங்களுக்குள் ஒரு சுங்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள். காவலுக்கும் பண்டசாலைக்கும் பணம் வேண்டாமா? அரசன் வாங்காத இடத்தில் சங்கம் வாங்கிற்று. அங்கே கணக்குக் கேட்கிற உரிமை மட்டும் கட்டியவனுக்கு இருந்திருக்கும்.

அந்தக் கடலில் முஸ்லிம் வணிகரும் இருந்தனர். திருச்சிராப்பள்ளியில் கோட்டை ரயில் நிலையத்தருகே ஹிஜ்ரி 116-ஆம் ஆண்டைக் காட்டும் கல்வெட்டோடு ஒரு சிறு கல் பள்ளிவாசல் இருக்கிறது. 849-ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேட்டில் அரபு எழுத்தில் முஸ்லிம்களின் கையொப்பங்கள் உள்ளன. அதற்கு ஒரு வருஷம் முந்திய அப்பாசியக் கலீபாவின் வெள்ளிக் காசு ஒன்று, நம் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது. குலோத்துங்கன் காலத்தில் விசாகப்பட்டினத்துக்கு அவன் பெயரையே இட்டுக் குலோத்துங்க சோழப்பட்டினம் என்று அழைத்தார்கள். அங்குள்ள கல்வெட்டுகளில் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு பேசப்படுகிறது. முஸ்லிம்களும் யூதர்களும் மேற்குக் கிறிஸ்தவர்களும் சேர்ந்த குழு அது என்றும், அஞ்சுமன் என்ற பாரசீகச் சொல்லே அப்படித் தமிழாயிற்று என்றும் அறிஞர்கள் கொள்கிறார்கள். சங்கத்தை அஞ்சுமன் என்று இன்றும் வழங்குகிற நமக்கு அந்தச் சொல் வேற்றுச் சொல் அல்ல.

பூஜாங் பள்ளத்தாக்கின் பங்காலான் பூஜாங்கில் தோண்டியவர்களுக்குச் சீனப் பீங்கான் துண்டுகளோடு மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன. கண்ணாடிப் பாத்திரமும் பன்னீரும் போன வழி இதுதான்.

இனி 1090-ஆம் ஆண்டுக்கு வருவோம். கடாரத்து அரசன் அனுப்பிய இரண்டு தூதர்கள் சோழன் சபைக்கு வந்தார்கள். இராஜவித்யாதர ஸ்ரீ சாமந்தன் என்பது ஒருவர் பெயர். அபிமானோத்துங்க சாமந்தன் என்பது மற்றவர் பெயர். அவர்கள் கேட்டது நாகப்பட்டினத்துப் புத்த விஹாரம் பற்றியது. அந்த விஹாரத்தின் கதை எண்பது ஆண்டுக்கு மேற்பட்டது. ஸ்ரீவிஜயத்து அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் அதை எடுத்தான். முதலாம் இராஜராஜன் 1006-ஐ ஒட்டி ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்கு விட்டுக் கொடுத்தான். சுமார் 97 வேலி நிலத்தில் ஆண்டுக்கு 8,943 கலம் நெல் அதற்கு வரவு. விஹாரத்துக்கு ஊர் கொடுத்த அப்பனின் மகன்தான், இருபது ஆண்டுக்குள் அந்த விஹாரத்தாரின் நாட்டின் மேலேயே படை அனுப்பிய இராஜேந்திரன்! ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1025-ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகும் விஹாரம் இடிபடவில்லை. அதன் நெல்லும் நிற்கவில்லை.

இப்போது தூதர்கள் கேட்டபடி, விஹாரத்துக்குரிய ஊர்களில் பல வரிகளை நீக்கிக் குலோத்துங்கன் ஆணை பிறப்பித்தான். அந்த நிலங்களின் காணியுரிமை பழைய காணியாளரை நீக்கிப் பள்ளிச் சங்கத்தாருக்கே தரப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தைக் கையில் வைத்திருந்த குடும்பங்கள் என்ன ஆயின என்று செப்பேடு பேசவில்லை. வெளிநாட்டு அரசனின் நட்பு வேண்டும், கடல் வழி அமைதியாய் இருக்க வேண்டும். விலையைக் கட்டியவர்கள் ஆனைமங்கலப் பக்கத்துக் குடிகள். இதை எழுதாமல் விட்டால் அவன் வரலாற்றை நேர்மையாக எழுதியதாகாது.

சைவனான அரசன் பௌத்தருக்குச் செய்த இந்தக் காரியத்தை வைத்து, அவன் சமய நோக்கையும் எடை போடலாம். வைஷ்ணவ குரு இராமானுஜரைத் துன்புறுத்தி மைசூர்ப் பக்கம் ஓடச் செய்த சோழன் ஒருவனை வைஷ்ணவ நூல்கள் கடுமையாகப் பழிக்கின்றன. அவன் குலோத்துங்கனே என்று பலர் எழுதினார்கள். வேறு சோழனைச் சுட்டியவர்களும் உண்டு. ஆனால் மன்னார்குடிப் பெருமாள் கோயிலுக்கே குலோத்துங்க சோழ விண்ணகரம் என்பது பெயர். ஸ்ரீரங்கத்திலும் அவன் காலத்துத் தானக் கல்வெட்டுகள் ஏராளம். பல சமயத்தாரும் வந்திறங்கும் துறைமுகங்களின் வருமானத்தை நம்பியவனுக்கு மதச் சண்டை கட்டுப்படியாகாது. அவன் சமரசம் உள்ளத்திலிருந்து வந்ததா, கணக்கிலிருந்து வந்ததா என்று நாம் துருவ வேண்டியதில்லை. விஹாரத்துக்குப் போன நெல் உண்மை.

அவன் புகழில் ஒரு கறையும் உண்டு, அது கலிங்கம். சுமார் 1110-ஆம் ஆண்டில் கருணாகரத் தொண்டைமான் தலைமையில் போன படை, அந்த நாட்டை எரித்தும் கொன்றும் திரும்பிற்று. கலிங்கத்து அரசன் அனந்தவர்மன் சோழர் குலப் பெண்ணின் பிள்ளை, உறவுக்காரன். செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியால் அந்தப் போர் அழியாப் புகழ் பெற்றது. தமிழின் சுவைக்காக அதைப் படிக்கிறோம். ஆனால் பேய்கள் கூழ் அட்டு உண்ட கதைக்குக் கீழே கிடப்பவை மனிதப் பிணங்கள். இத்தனைக்கும் பிறகு கலிங்கம் சோழர் கையில் நிற்கவும் இல்லை. இலங்கையில் தெளிவாயிருந்த கணக்கு கலிங்கத்தில் தவறிவிட்டது.

முதுமையில் வரவைவிடச் செலவு மிகுந்தது. 1116-இல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைப் பிடித்து, மைசூர்ப் பகுதியைச் சோழரிடமிருந்து எடுத்துக்கொண்டான். 1118-இல் வேங்கியிலிருந்த மகன் விக்கிரம சோழனைத் தஞ்சைப் பக்கம் அழைத்துக்கொண்டபோது, பழைய பகைவன் விக்கிரமாதித்தன் வேங்கிக்குள் புகுந்தான். 1070-இல் தன் மைத்துனனை இழந்தவன் நாற்பத்தெட்டு வருஷம் காத்திருந்து ஈடு வாங்கிக்கொண்டான். எந்த நாட்டுக்காக இளமையில் காட்டில் அலைந்தானோ அந்த நாடு கைவிட்டுப் போனதைப் பார்த்தபடி, 1122-ஐ ஒட்டிக் குலோத்துங்கன் இறந்தான். ஆட்சி ஐம்பத்திரண்டு ஆண்டு.

இலங்கை போயிற்று, மைசூர் போயிற்று, வேங்கி போயிற்று. அவன் 1090-இல் எழுதிக் கொடுத்த மூன்று செப்பு ஏடுகள் மட்டும் அழியவில்லை. டச்சுக்காரர் கப்பலேறி அவை ஹாலந்தின் லெய்டன் நகருக்குப் போயின. அதனால் சிறிய லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றன. விஹாரத்தின் இடிந்த கோபுரத்தை நாகப்பட்டினத்துக்கு வரும் மாலுமிகள் நெடுங்காலம் கரை அடையாளமாக வைத்திருந்தார்கள். 1867-இல் பாதிரிமார் அதை இடித்தார்கள்.

1786-இல் பிரான்ஸிஸ் லைட் கெடா சுல்தானிடமிருந்து பினாங்கைப் பெற்றுச் சுங்கமில்லாத் துறைமுகமாகத் திறந்தபோது, எதிர்க்கரையிலிருந்து முதலில் வந்து கடை போட்டவர்களில் நம் முன்னோர் இருந்தார்கள். அவர்களை வெள்ளைக்காரர் சூலியா என்று அழைத்தார்கள். சோழ என்ற பெயர்தான் அப்படித் திரிந்தது என்பர். பினாங்கின் சுங்கமில்லா உரிமை 1969-இல் எடுக்கப்பட்டது. சூலியா தெரு அங்கேயே இருக்கிறது.